பில்லில் வராத பத்தாயிரம்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏசி மெக்கானிக்கைத் தேடிப் போவது தமிழ்நாட்டில் ஆண்டு வழக்கமாகிவிட்டது. “கூலிங் பத்தலை” என்பார் காரைக் கொண்டு வந்தவர். “கேஸ் கம்மியாயிருக்கும் சார், ஏத்திட்டா சரியாப் போயிடும்” என்பார் மெக்கானிக். இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்தில் வேலை முடியும். அடுத்த பங்குனியில் அதே கார், அதே பேச்சு, அதே இரண்டாயிரம். இதில் தர்ம விசாரணைக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தியச் சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக விடாமல் வாதிட்டுவந்த ஒரு கேள்வி இந்தச் சின்ன வியாபாரத்துக்குள் இருக்கிறது. கெடுக்கும் எண்ணம் இல்லாமல் செய்த காரியம், கண்ணுக்குத் தெரியாத அளவில், பெயர் தெரியாத யாருக்கோ தீங்காக முடிந்தால் அது செய்தவர் கணக்கில் சேருமா, சேராதா? சேரும் என்பது என் முடிவு. எப்போது சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது, யார் யார் கணக்கில் சேர்கிறது என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. எல்லாம் மூடிய வட்டத்துக்குள் நடக்கும் சுற்று. நல்ல நிலையில் இருக்கும் ஏசியிலும் ரப்பர் ஹோஸ் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசியத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த கார் ஏசி நெறிமுறை, ஒரே கூலிங் காயில் உள்ள புதிய வகைக் காரில் அது ஆண்டுக்கு 40 கிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆகவே ஒரே வருடத்தில் கூலிங் நின்றுபோகும் அளவுக்குக் கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. எங்கே என்பதும் தொழில் தெரிந்தவர்களுக்குப் புதிரில்லை. கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் தேய்ந்திருக்கும். இணைப்புகளில் ஓ-ரிங் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். கண்டென்ஸரில் ரோட்டுக் கல் அடித்திருக்கும். இல்லையென்றால் பல வருட ஈரமும் தூசியும் சேர்ந்து கூலிங் காயிலின் அலுமினியத்தை அரித்திருக்கும். குழாய் இணைப்பொன்றில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மண்ணுமாகத் தெரிந்தால் கசிவு அங்கேதான். கேஸோடு சேர்ந்து சுற்றிவரும் கம்ப்ரஸர் ஆயில் வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பட்டறையில் நடப்பது என்ன? மெக்கானிக் நீலக் குழாயை லோ சைடிலும் சிவப்புக் குழாயை ஹை சைடிலும் மாட்டி, கேஜில் அழுத்தம் பார்க்கிறார். உள்ளே மிச்சமிருக்கும் கேஸை உறிஞ்சி எடுத்துச் சேமிக்கும் ரெக்கவரி மெஷின் தெருவோரப் பட்டறைகள் பலவற்றில் கிடையாது. அதனால் வால்வைத் திறந்துவிடுகிறார். புஸ்ஸென்ற சத்தத்தோடு மிச்சமும் காற்றில் போகிறது. வேக்குவம் பம்ப் கொஞ்ச நேரம் ஓடியபின் புதுக் கேஸ் ஏறுகிறது. சின்ன கார் ஒன்றுக்கு 450 கிராம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், வருடம் முழுக்கக் கசிந்ததும் கடைசியில் திறந்துவிட்டதும் சேர்ந்து அந்த 450 கிராமும் வானத்துக்குப் போய்விடுகிறது. நம் சாலைகளில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்னும் கேஸ். நூறு ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,430 மடங்கு சூட்டை அது பிடித்துவைக்கும் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் நான்காம் அறிக்கை தந்த எண்; பிந்தைய அறிக்கைகளில் அது சற்றே இறங்கியும் ஏறியும் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 643 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியாகும். ஆக, அந்த ஒரு வருடத்துக் கேஸ் 280 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் என்றால் 4,200 கிலோமீட்டர் ஓட்டம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்த் திரும்பும் தூரம்.

இனி ரூபாய்க் கணக்கு. ஓட்டை ஓ-ரிங்கில் இருந்தால் சில நூறு ரூபாயில் தீரும். கூலிங் காயிலில் இருந்தால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். காயில், லேபர், புது கேஸ் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் ஆகும் என்று கொள்வோம். வருடம் இரண்டாயிரம் கொடுத்துக் கேஸ் ஏற்றுபவருக்கு ஐந்து வருடத்தில் பத்தாயிரம்தான் ஆகிறது. அதற்குள் காரையே விற்றுவிடவும் செய்வார். சட்டைப்பைக் கணக்கில் ஓட்டையை அடைக்காமல் விடுவதே புத்திசாலித்தனம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் வெளியிட்ட மதிப்பீடு, ஒரு டன் கார்பன் டை ஆக்ஸைடு உலகுக்கு உண்டாக்கும் இழப்பை 190 டாலர் என்று வைத்தது. விளைச்சல் குறைவது, வெப்பத்தால் உயிர் போவது, கடல் ஏறிக் கரை அழிவது எல்லாம் அதில் அடக்கம். டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் 643 கிலோவுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் வருகிறது. தோராயக் கணக்குதான், 190 என்ற எண்ணை ஒப்பாத பொருளாதார அறிஞர்களும் இருக்கிறார்கள். அதைப் பாதியாக வெட்டினாலும், இரண்டாயிரம் ரூபாய் பில்லுக்குப் பின்னால் ஐயாயிரம் ரூபாய்ச் சேதம் வேறு யாரோ ஒருவர் தலையில் ஏறுகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஏசி காரில் போகிறவரே அல்ல. சித்திரை வெயிலில் கட்டட வேலை செய்பவர், பருவம் தவறிய மழையில் நெல்லைப் பறிகொடுப்பவர், இன்னும் பிறக்காதவர். மலிவான சர்வீஸ் என்று நாம் சொல்வது உண்மையில் மலிவானதில்லை. அதன் பெரும்பகுதி வேறொருவர் பெயரில் எழுதப்படுகிறது.

இதற்கு எதிரான மிக வலுவான வாதம் தத்துவ அறிஞர் ஒருவரிடமிருந்தே வந்திருக்கிறது. வால்டர் சின்னட்-ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 2005-இல் எழுதிய கட்டுரை, ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்காகப் பெட்ரோலை வாரிக் குடிக்கும் காரில் ஒருவர் ஊர்சுற்றுவதை எடுத்துக்கொள்கிறது. அவர் அன்று போனாலும் போகாவிட்டாலும் எந்தப் புயலும் திசை மாறப்போவதில்லை. எந்த வறட்சியும் ஒரு நாள் முன்னதாக முடியப்போவதில்லை. அவரால் பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று ஒரு ஆளைக் காட்ட முடியாது. அறக்கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, அந்தப் பயணம் தவறு என்று எதனாலும் நிறுவ முடியவில்லை என்று முடிக்கிறார் அவர். காலநிலைக் கேட்டைத் தடுப்பது அரசுகளின் வேலை. தனிமனிதரின் கடமை அரசுகளை அந்த வேலையைச் செய்யவைப்பது. இந்த வாதத்தை ஏசி கேஸுக்குப் பொருத்தினால் 450 கிராமுக்காக யாரும் உறக்கம் கெட வேண்டியதில்லை. சோம்பேறித்தனமான சாக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தீங்கு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அதைப் பட்டவர் ஒருவர் இருக்க வேண்டாமா என்ற நியாயமான கேள்வி அதில் இருக்கிறது.

விடை, தத்துவ அறிஞர் ஜானதன் குளோவர் 1975-இல் சொன்ன ஒரு கற்பனைக் கதையில் கிடைக்கிறது. நூறு பேர் வாழும் கிராமத்தில் எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள்; ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு பயறு. ஆயுதத்தோடு வந்த நூறு கொள்ளையர் ஆளுக்கொரு கிண்ணத்தைப் பிடுங்கித் தின்கிறார்கள். அடுத்த வாரம் அவர்களில் சிலருக்கு மனம் உறுத்துகிறது. ஆகவே முறையை மாற்றுகிறார்கள்: ஒவ்வொரு கொள்ளையரும் ஒரு கிண்ணத்துக்கு ஒரு பயறு வீதம் நூறு கிண்ணங்களிலிருந்து நூறு பயறு எடுக்கிறார். ஒரு பயறு குறைந்தால் யாருக்கும் பசி கூடாது. ஆகவே நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று ஒவ்வொருவரும் நிம்மதியாகப் போகலாம். கிராமம் மட்டும் முன்போலவே பட்டினி கிடக்கிறது. நூறு பூஜ்யங்களைக் கூட்டினால் பூஜ்யம்தான் வர வேண்டும். இங்கே பட்டினி வந்திருக்கிறது. எனவே ஒவ்வொருவர் பங்கும் பூஜ்யம் என்ற இடத்தில்தான் கணக்குப் பிசகியிருக்கிறது. உணர முடியாத அளவு சிறியது என்பதும் இல்லவே இல்லை என்பதும் ஒன்றல்ல. கொள்ளையர் கூட்டுச் சேர்ந்து செய்தார்கள், கார்க்காரர்கள் ஒருவரையொருவர் அறியாமல் செய்கிறார்கள், இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். பேசிவைத்துச் செய்தால் குற்றம் கூடும் என்பது சரி. ஆனால் கிண்ணத்தில் பயறு குறைந்தது அவர்கள் பேசிவைத்ததால் அல்ல, எடுத்ததால்.

கற்பனைக் கதை போதாது என்றால் வரலாறே சாட்சி சொல்லும், அதுவும் இதே ஏசி கேஸின் வரலாறு. 1928-ஐ ஒட்டி தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன்கள் விஷமில்லாதவை, தீப்பிடிக்காதவை என்று கொண்டாடப்பட்டன. கார் ஏசிகளில் ஆர்-12 என்ற பெயரில் அவற்றில் ஒன்றுதான் பல பத்தாண்டுகள் இருந்தது. 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அது ஓசோன் படலத்தைத் தின்னும் என்று காட்டினார்கள். 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்துபோயிருப்பதை வெளியிட்டார்கள். அந்த ஓட்டையை யார் போட்டார்? ஒரு பெயர் சொல்ல முடியாது. ஸ்ப்ரே டப்பா அழுத்தியவர், குளிர்சாதனப் பெட்டியை உடைத்துப் போட்டவர், கார் ஏசியைத் திறந்துவிட்டவர் என்று கோடிக்கணக்கானவர்கள், யாரோடும் பேசிவைக்காமல், கிராம் கிராமாகப் போட்டது. சரி, அதை மூடத் தொடங்கியது 1987-இல் வந்த மான்ட்ரியல் உடன்படிக்கைதானே, தனிமனித மனச்சாட்சி இல்லையே என்றால், அதுவும் பாதி உண்மைதான். 1974-க்குப் பிறகு அமெரிக்க மக்கள் ஸ்ப்ரே டப்பாக்கள் வாங்குவதைத் தாங்களாகவே குறைத்தார்கள். அவசியமில்லாத ஸ்ப்ரேக்களில் அந்தக் கேஸைத் தடைசெய்யும் விதி 1978-இல்தான் வந்தது. சட்டம் வருமுன் மனச்சாட்சி கொஞ்சதூரம் நடந்திருந்தது. அரசுகளை அசைப்பதே தனிமனிதர் கடமை என்று சின்னட்-ஆம்ஸ்ட்ராங் சொல்வதை ஏற்றாலும், தன் வீட்டுக் கசிவைக் கண்டுகொள்ளாத மனிதர் எந்த அரசை அசைக்கப்போகிறார் என்ற கேள்வி நிற்கிறது.

இனி எண்ணம் என்ற பிரச்சினை. யாரையும் கெடுக்க நினைத்து எவரும் ஏசிக்குக் கேஸ் ஏற்றுவதில்லை. எண்ணம் இல்லாத இடத்தில் வினை உண்டா? இதில் சமணமும் பௌத்தமும் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில், நாளந்தாவில் நடந்ததாக வரும் உரையாடலில், உடலால் செய்யும் வினைதான் கனமானது என்கிறார் நிகண்டர் என்னும் சமண குருவின் சீடர். மனத்தால் செய்யும் வினையே கனமானது என்கிறார் புத்தர். சமணரின் சூத்திரகிருதாங்கம் இதைக் கேலியாகவே திருப்பிக் கேட்கிறது: சுரைக்காய் என்று நினைத்துக் குழந்தையைச் சுட்டவனுக்குக் குற்றமில்லை என்பீர்களா? பௌத்தர் பக்கம் நின்றால் நம் கார்க்காரர் தப்பித்துவிடுவார் போலத் தோன்றும். ஆனால் சற்று நிதானித்தால் அந்தக் கதவும் அடைபட்டே இருக்கிறது. சுரைக்காய் என்று நினைத்தவனுக்கு அது குழந்தை என்று தெரியாது. “லீக் இருக்கு சார், காயில் மாத்தணும்” என்று மெக்கானிக் சொன்ன பிறகும் “இப்போதைக்குக் கேஸ் மட்டும் ஏத்துங்க” என்பவருக்குத் தெரியும். அந்த நொடிக்குப் பிறகு கேஸ் ஏற்றுவது, அது வெளியே போகும் என்று அறிந்தே செய்யும் செயல். கெடுக்கும் விருப்பம் அதில் இல்லை. ஆனால் தெரிந்து செய்யும் முடிவு இருக்கிறது. சேதனை என்று பௌத்தம் சொல்லும் மன முனைப்புக்கு அதுவே போதும்.

தெரிந்தால்தானே பொறுப்பு, கேட்காமலே இருந்துவிட்டால் என்ன என்று ஒருவர் சாமர்த்தியமாக நினைக்கலாம். அதற்கும் பதில் பழைய நூல்களிலேயே இருக்கிறது. பிக்குகள் புலால் ஏற்பது பற்றி ஜீவக சுத்தம் மூன்று நிபந்தனை வைக்கிறது: தமக்காகக் கொல்லப்பட்டதைக் கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்கும் என்று சந்தேகம்கூட எழுந்திருக்கக் கூடாது. சந்தேகத்துக்கு இடமிருந்தாலே விலக்கு. வருடாவருடம் அதே வேலைக்கு அதே கார் வரும்போது சந்தேகம் வராமல் இருக்க, அதை வேண்டுமென்றே தள்ளிவைத்தாக வேண்டும். சமணமோ இன்னும் கறார். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது கொலைவெறியைத் தேடுவதில்லை. கவனமின்மையோடு செய்யும் செயலால் உயிருக்கு ஊறு வந்தால் அதுவே இம்சை என்கிறது. பிரமாதம் என்று அது பெயரிடும் இந்த அசட்டைதான் நம் காலத்துத் தீங்குகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய். கத்தியை எடுத்தவர்கள் கொஞ்சம். கவனிக்காமல் விட்டவர்கள் கோடி. புத்தரும் இதில் வேறுபட்டவர் அல்லர். அவர் கடைசியாகச் சொன்னதாக மரபு காப்பாற்றி வைத்திருப்பதே அசட்டை வேண்டாம் என்ற அறிவுரைதான். எண்ணத்தில் தொடங்கிய பள்ளியும் செயலில் தொடங்கிய பள்ளியும் கவனம் என்ற ஒரே கடமையில் வந்து சேர்கின்றன.

அப்படியானால் குற்றம் யாருடையது? கேஸைத் திறந்துவிட்டது மெக்கானிக்கின் கை. காசு கொடுத்தவர் காரின் சொந்தக்காரர். பின்சீட்டில் உட்கார்ந்து “ஏசியைக் கூட்டுங்க” என்பவர்களும் இருக்கிறார்கள். சமண மரபு வினையை மூன்றாகப் பிரிக்கிறது: தான் செய்வது, பிறரைச் செய்யவைப்பது, செய்ததற்கு உடன்படுவது. மூன்றும் கணக்கில் சேரும். கையில் ரத்தம் படாதவர் சுத்தமானவர் என்ற தப்பித்தலை இது அனுமதிப்பதில்லை. தமிழில் இந்த விவாதத்துக்கு நீண்ட வேர் உண்டு. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், வாங்குபவரால்தான் விற்பனை நடக்கிறது என்ற காரணகாரியத் தொடர்பைப் பேசுகிறது. பௌத்த நூலான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி, கொல்வது வேறு தின்பது வேறு என்ற பௌத்தர் வாதத்தோடு மல்லுக்கு நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் பேசப்பட்ட நியாயம் இது: கடைசியில் பணம் கொடுப்பவர் சங்கிலிக்கு வெளியே நிற்க முடியாது. மெக்கானிக் மட்டும் தனியே என்ன செய்வார்? லீக் பார்க்க நைட்ரஜன் அழுத்தி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் எங்கே வருகிறது என்று ஒரு மணி நேரம் தேடினால் அதற்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் தயாரில்லை. பக்கத்துப் பட்டறை கேட்காமலே கேஸ் ஏற்றி அனுப்புகிறது. நேர்மையாக இருப்பவர் தொழிலை இழக்கும்படி வாடிக்கையாளரே ஏற்பாடு செய்துவிட்டு, பழியை மட்டும் அவர்மேல் போடக் கூடாது.

அப்படியென்றால் இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டுமே என்று தோன்றும். பார்த்துக்கொள்ளலாம், சில இடங்களில் பார்த்துக்கொள்ளவும் செய்கிறது. மேலே சொன்ன 2006 ஐரோப்பிய நெறிமுறை, அளவுக்கு மீறிக் கேஸ் கசிந்திருந்தால் கசிவைச் சரிசெய்யும்வரை அந்த ஏசிக்கு மறுபடி கேஸ் நிரப்பக் கூடாது என்று சர்வீஸ் செய்பவர்களைக் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் காசு வாங்கிக் கார் ஏசி சர்வீஸ் செய்பவர் சான்றிதழும், கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் கருவியும் வைத்திருக்க வேண்டும் என்பது தொண்ணூறுகளிலிருந்து விதி. இந்தியா, ஆர்-134ஏ போன்ற கேஸ்களைக் குறைப்பதற்காக மான்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்த்த கிகாலி திருத்தத்தை 2021-இல் ஏற்றது. நம் பங்குக்கான முதல் குறைப்பு 2032-இல் வருகிறது. 2019-இல் வந்த இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தருவதை இலக்காக வைத்தது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் சட்டம் இல்லாத இடத்தில் கடமையும் இல்லை என்பது அறநூல்கள் எதுவும் ஏற்காத முடிவு. சட்டம் கடமையை உண்டாக்குவதில்லை. இருக்கும் கடமையை எல்லார்மீதும் ஒரே மாதிரி சுமத்துகிறது. அந்தச் சட்டம் நம்மூர் மூலைப் பட்டறை வரை வந்துசேரும் காலம்வரை அந்தக் கடமையைத் தாங்க வேண்டியவர் வாடிக்கையாளர்தான்.

இங்கே எனக்கு மிகவும் கனமாகப் படும் எதிர்வாதம் வருகிறது. பழைய கார் யாரிடம் இருக்கிறது? புதுக் கார் வாங்க முடியாதவரிடம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர், மூன்றாம் கை காரை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கி வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் — இவர்களிடம் பன்னிரண்டாயிரம் கேட்பது, விமானத்தில் பறப்பவர்கள் செய்த வெப்பத்துக்கு ஏழையிடம் அபராதம் வாங்குவது ஆகாதா? ஆகும், கடமை எல்லாருக்கும் ஒரே அளவு என்று வைத்தால். சமயங்கள் அப்படி வைத்ததில்லை. இஸ்லாத்தில் ஜகாத், நிஸாப் என்ற வரம்புக்கு மேல் செல்வம் உள்ளவர்மீதுதான் கடமை. வரம்புக்குக் கீழே இருப்பவர் வாங்கும் இடத்தில் இருக்கிறார். இந்தப் பொறுப்பையும் அப்படிப் படிப்படியாகவே அளக்க வேண்டும். எங்கே லீக் என்று பார்க்கச் சொல்வது எல்லார்மீதும் கடமை. பாதி நேரம் அது விலை குறைந்த ஓ-ரிங்காகவே இருந்துவிடலாம். செலவு பெரிதென்றால், முடிந்தவர் கொடுத்தாக வேண்டும். கார் கடனையும் விடுமுறைப் பயணத்தையும் சமாளிக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டாயிரம் முடியாத தொகை இல்லை. உண்மையிலேயே முடியாதவரின் கடமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. பேட்டைக்கு ஒரு ரெக்கவரி மெஷினைப் பொதுவில் வைப்பது, உதிரிபாகங்களை நியாய விலையில் கிடைக்கச் செய்வது என்று அரசும் கார் நிறுவனங்களும் அந்தப் பங்கைத் தாங்க வேண்டும். ஏழையின் இயலாமையை இருப்பவர்கள் தங்கள் சாக்காக எடுத்துக்கொள்வதுதான் இந்த எதிர்வாதத்தில் நடக்கும் மோசடி.

வேறொரு திசையிலிருந்து, ஏசியே வேண்டாம் என்ற குரல் வரும். போப் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லௌதாத்தோ சி’ மடல், தீங்கு தரும் நுகர்வுப் பழக்கங்களுக்கு எளிய உதாரணமாக ஏசியின் பெருக்கத்தையே சொன்னது. மடலின் மொத்த நோக்கை மதிக்கலாம். இந்த உதாரணத்தை மட்டும் கத்திரி வெயிலில் நிற்பவர் அப்படியே ஏற்க முடியாது. காற்றில் ஈரமும் சேர்ந்து வியர்வை உலராத சென்னை மே மாதத்தில், கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் குளிர்ச்சி உயிர்த் தேவை. ஆகவே குளிர்ச்சியைத் துறப்பது பற்றி நான் வாதிடவில்லை. அதன் முழு விலையையும் அனுபவிப்பவரே கொடுப்பதைப் பற்றித்தான் வாதம். பழைய காரைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குவதும் அறமாகாது. ஒரு காரைச் செய்து முடிப்பதற்குள் பல டன் கார்பன் செலவாகிறது. இந்தியாவில் விற்கும் புதுக் கார்கள் பலவற்றிலும் இன்னும் அதே ஆர்-134ஏ கேஸ்தான் இருக்கிறது. பழையதை ஒழுங்காகப் பழுதுபார்த்து ஓட்டுவது பெரும்பாலும் குறைந்த தீங்கு. அந்த ஒழுங்கில் கசிவை அடைப்பதும் சேர்ந்தது.

இன்னொரு தப்பிக்கும் வழி பரிகாரம். கேஸ் போனால் போகட்டும், ஈடாகப் பத்து மரம் வைக்கிறேன் என்பவர்கள் உண்டு. ஜான் புரூம் போன்ற தத்துவ அறிஞர்களே, வெளியிட்ட அளவுக்கு ஈடுசெய்தால் நீதி நிறைவேறும் என்று வாதிட்டிருக்கிறார்கள். பரிகாரத்தின் எல்லை பற்றி நம் சாத்திரங்களும் யோசித்திருக்கின்றன. அறியாமல் செய்ததற்கே பிராயச்சித்தம் என்போர் ஒருபுறம், அறிந்து செய்ததற்கும் உண்டு என்போர் மறுபுறம் என்று மனு தரும சாத்திரத்தின் பதினோராம் அத்தியாயம் கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்று பொது: செய்துகொண்டே இருக்கும் தவறுக்கு முன்கூட்டிச் சீட்டு வாங்கும் வசதி பரிகாரத்தில் இல்லை. ஏற்கெனவே போய்விட்ட கேஸுக்கு மரம் வைப்பது நல்லது. அடுத்த வருடமும் போகும் என்று தெரிந்தே ஓட்டையை விட்டுவைத்து மரம் வைப்பது வருத்தத்தின் அடையாளமல்ல. அதோடு, நட்ட கன்று பிழைத்து வளர்ந்து அந்தக் கார்பனை உள்வாங்கப் பல வருடம் ஆகும். கேஸோ வெளியேறிய நாளிலிருந்தே சூட்டைப் பிடிக்கத் தொடங்கிவிடும். ஏறக்குறைய 14 ஆண்டுகள் காற்றில் நிற்கும்.

ஆகவே கடமையை இப்படி வரிசைப்படுத்தலாம். கேட்பது முதலாவது, அதற்குப் பணம் வேண்டாம், தெரிந்துகொள்ளத் துணிவு போதும். திறந்துவிடாமல் உறிஞ்சி எடுக்கும் பட்டறையைத் தேடிப் போவதும், தேடிப் பார்க்கும் நேரத்துக்கு மெக்கானிக்குக் கூலி கொடுப்பதும் அடுத்தது. முடிந்தவர் ஓட்டையை அடைத்த பிறகே கேஸ் ஏற்றுவது மூன்றாவது. இவற்றில் எதுவும் துறவு இல்லை, தியாகம்கூட இல்லை. தான் அனுபவிக்கும் குளிர்ச்சியின் விலையைத் தானே கொடுக்கும் சாதாரண நாணயம். அறத்தைப் பெரிய தருணங்களில் மட்டும் தேடிப் பழகியவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்த நூற்றாண்டின் தீங்கு பெரும்பாலும் அற்பங்களின் கூட்டாகத்தான் வருகிறது. போதிய அளவு சிறிதாக நறுக்கி, போதிய அளவு பேருக்குப் பங்கிட்டுவிட்டால் தீங்கு கரைந்துபோகும் என்ற நம்பிக்கையில்தான் நாம் எல்லாரும் குற்றமற்றவர்களாக உலவுகிறோம். அந்த நம்பிக்கைக்குச் சமணத்திலும் இடமில்லை, பௌத்தத்திலும் இடமில்லை, கூட்டல் கணக்கிலும் இடமில்லை.